விடியலில் கண்ணாடி, பத்து மணிக்கு நுரை: டெல்டா கரையில் குழுவாகக் கயாக் மீன்பிடிப்பு

மன்னைத்தம்பி
நாங்கள் நாலு பேர் கடலில் கயாக் இறக்கி மீன்பிடிக்கலாம் என்று இருக்கிறோம். மூன்று படகு 12 அடி, ஒன்று 10 அடி. நாலுமே மேலே உட்காரும் வகை. வெட்டாறு, கோரையாறு என்று ஆற்றில் துடுப்புப் பழக்கம் உண்டு, திறந்த கடல் புதிது. தரங்கம்பாடிப் பக்கமோ வேளாங்கண்ணிக்கு வடக்கிலோ இறங்கி, 2 கி.மீ. உள்ளே போய், பாறை, வஞ்சிரம் மீன் பார்த்துவிட்டுப் பதினோரு மணிக்குள் கரையேற எண்ணம். ஆடி மாதம் போகலாமா? காலையில் கடல் குளம் மாதிரி கிடக்கிறது. நடுவில் கடல் மாறினால் குழுவாக என்ன செய்ய வேண்டும் என்பதுதான் முக்கியக் கேள்வி. தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

வாடைக்காத்து
தம்பி, இடம், படகு, தூண்டில் எல்லாம் பிறகு. முதலில் மாதத்தை மாற்றுங்கள். ஆடியில் காலைக் கடல் குளம் மாதிரி கிடப்பதுதான் இந்தக் கரையில் இருக்கிற பெரிய பொறி.

நம் கரை கிழக்கே பார்த்தது. ஆனியிலிருந்து ஆவணி வரை காற்று நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கிறது. கச்சான், மேல்காத்து என்று சொல்வது இதைத்தான். அலை எழும்ப வேண்டுமானால் காற்று தண்ணீர்மேல் கொஞ்ச தூரம் ஓட வேண்டும். கரையோரத்தில் அந்தத் தூரம் கிடையாது, போதாததற்குச் சவுக்குத் தோப்பும் காற்றை மறைக்கிறது. அதனால் முதல் இருநூறு முந்நூறு மீட்டர் வழவழவென்று இருக்கும். அதைத் தாண்டினால் முதுகில் காற்று. துடுப்பு போடாமலே படகு ஓடும், சுகமாகவும் இருக்கும். அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, கரைப்பக்கம் திருப்பும்போதுதான் விஷயம் புரியும்.

காற்றில்லாத நீரில் சாமான் ஏற்றிய 12 அடிக் கயாக் மணிக்கு 5 கி.மீ. போகும். 12 நாட் எதிர்காற்றில், அதாவது மணிக்கு 22 கி.மீ. காற்றில், அதே ஆள் 2.5 அல்லது 3 கி.மீ. எடுத்தால் பெரிது. 2 கி.மீ. திரும்ப 25 நிமிடம் என்று நினைத்தது முக்கால் மணி நேரமாகும். காற்று 18 நாட்டைத் தாண்டினால் சராசரி ஆள் நின்ற இடத்திலேயே துழாவுவார், களைத்துக் கையை எடுத்தால் பின்னால் போவார். நாகையிலிருந்து நேர்கிழக்கே அந்தமான் வரை கரை கிடையாது.

ஆகவே இறங்குமுன் கடலைப் பார்ப்பதோடு நிற்காமல் திரும்பிச் சவுக்கின் உச்சியையும் பாருங்கள். கடலில் சுருக்கமே இல்லாமல் இருந்து, சவுக்கு உச்சி கடல்பக்கம் வளைந்து ஆடினால் அன்றைக்குப் படகை வண்டியிலிருந்து இறக்க வேண்டாம்.

வேதாரண்யத்தான்
வாடைக்காத்து அண்ணன் சொன்னதோடு மாதக் கணக்கையும் போட்டுவிடுகிறேன்.

தை பிற்பாதியிலிருந்து பங்குனி வரை: வருடத்தில் புதியவர்களுக்கு உள்ள ஒரே நல்ல காலம். வாடை தணிந்துவிடும், தண்ணீர் தெளியும்.

சித்திரை, வைகாசி: விடியலில் நல்ல கடல். ஒன்பது பத்து மணிக்குத் தென்கிழக்கிலிருந்து கடல்காற்று எழும்பும். நிலம் சூடாகச் சூடாக அது ஏறிக்கொண்டே போகும், மதியத்துக்கு மேல் 15 நாட் சாதாரணம். இந்தக் காற்று உங்களைக் கரைப்பக்கம் தள்ளும், அதனால் கடலுக்குள் அடித்துப் போகிற ஆபத்து இல்லை. கரையில் உடையும் அலை பெரிதாகும் என்பதுதான் தொல்லை. போனதை விடக் கரையேறுவது கஷ்டம்.

ஆனி, ஆடி, ஆவணி: மேலே சொல்லியாயிற்று.

புரட்டாசி: மேல்காற்று ஓய்ந்து இடைவெளி கிடைக்கும். நல்ல நாள் உண்டு, இடியும் உண்டு.

ஐப்பசியிலிருந்து மார்கழி வரை: வேண்டாம். உள்நாட்டில் கோடை இடி சாயங்காலம் மேற்கிலிருந்து வரும். வடகிழக்குப் பருவத்தில் மழை கடலிலிருந்து, அதிலும் பின்னிரவிலும் விடியலிலும் வரும். நாம் படகை இறக்குகிற நேரமே அதுதான். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில்தான் ஏறியது. 2008 நவம்பரில் நிஷா காரைக்கால் பக்கம். இந்த மாதங்களில் தாழ்வு மண்டலம் எங்கோ தூரத்தில் இருந்தாலே அலை இங்கே வந்துவிடும்.

பாமணி
முகத்துவாரத்தில் இறங்கினால் அலையை உடைத்துப் போகிற வேலையே இல்லையே? நாகூரில் வெட்டாறு, காரைக்காலில் அரசலாறு, வேளாங்கண்ணிப் பக்கம் வெள்ளையாறு. ஆற்றுக்குள் படகை வைத்து அப்படியே கடலுக்குப் போகலாம். புதியவர்களுக்கு அதுதானே எளிது?

கடுவையாறு
போவது எளிதுதான், திரும்புவதுதான் பாடு. பாமணி, இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

ஆறு கடலில் சேரும் வாயில் மணல் திட்டு இருக்கும். ஆறு கொண்டுவருகிற மணலும் கரையோர நீவாடு (கடல் ஓட்டம்) இழுத்து வருகிற மணலும் அங்கே படியும், ஆழம் இடுப்பளவுகூட இராது. காலையில் ஓதம் ஏறும்போது அலையும் ஓட்டமும் ஒரே திசையில் உள்ளே வரும், வாய் அமைதியாக இருக்கும். நம் கரையில் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஏற்றம் முடிந்து ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகத் தண்ணீர் வடியும். நீங்கள் பத்து மணிக்குத் திரும்பும்போது வற்றமாக இருந்தால் ஆறு வெளியே தள்ளும், கடல்காற்று அலையை உள்ளே தள்ளும். எதிரோட்டத்தில் மாட்டிய அலை குறுகும், செங்குத்தாகும், திட்டுமேல் உடையும். அரை மீட்டர் அலை அங்கே நெஞ்சளவு சுவராக நிற்கும்.

நாகையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். அதை நம்பி ஓட்டம் இராது என்று நினைக்காதீர்கள். உள்ளே உப்பங்கழி அகலமாகவும் வாய் குறுகலாகவும் இருந்தால் கொஞ்ச ஓதமே வேகமாக ஓடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இன்னும் அதிகம். மேட்டூர்த் தண்ணீரோ மழைநீரோ வந்துகொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம். கொள்ளிடத்தின் வாயில், பழையாறு பக்கம், வெள்ள நாட்களில் ஆகாயத்தாமரைத் திட்டுகளும் மரக்கட்டையும் வரும்.

இன்னொன்று, துறைமுக வாய்களில் விசைப்படகும் ஃபைபர் படகும் திரும்புகிற வழி அதுதான். கயாக்கில் உட்கார்ந்தவரின் தலை தண்ணீரிலிருந்து முக்கால் மீட்டர் உயரம், அலைப் பள்ளத்தில் மறைந்துபோகும். படகோட்டி மீது குறை சொல்ல முடியாது, அவருக்குத் தெரியாது. ஒன்றரை மீட்டர்க் கம்பில் ஆரஞ்சுக் கொடி கட்டாமல் யாரும் நகரக் கூடாது.

முகத்துவாரம் வேண்டுமென்றால் ஒரு நிபந்தனை: திரும்பும் நேரம் ஏற்றத்தில் விழ வேண்டும். இல்லையென்றால் வாயிலிருந்து ஒரு கி.மீ. தள்ளித் திறந்த மணல் கரை பாருங்கள். தரங்கம்பாடி, பூம்புகார் என்று கல் கொட்டிய கரைகளைத் தவிர்க்கவும். கருங்கல் தடுப்பை ஒட்டிக் கடல்பக்கம் இழுக்கிற ஓட்டம் பெரும்பாலும் இருக்கும், கல்லில் அடிபட்டால் படகும் போகும், காலும் போகும்.

உப்பளம்
வானிலை பார்ப்பதில் ஒரு தவறான பழக்கம் இருக்கிறது. "மீனவர் எச்சரிக்கை இல்லை, அதனால் போகலாம்" என்கிறார்கள். வானிலைத் துறையின் மீனவர் எச்சரிக்கை மணிக்கு 40, 45 கி.மீ. காற்று என்கிற அளவில்தான் வரும், அது 22, 24 நாட். மீன்பிடிப் படகுகளுக்குப் போட்ட எல்லை அது. நமக்கு எல்லை மணிக்கு 20 கி.மீ. அதற்கு மேல் முன்னறிவிப்பு இருந்தால் அன்றைக்கு இல்லை. நிலத்திலிருந்து வரும் காற்று என்றால் எல்லை 12 கி.மீ.

ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் (மத்திய அரசின் கடல் தகவல் மையம்) கடலோரப் பகுதி வாரியாக அலை உயரம், நீள் அலை உயரம், இடைவெளி, திசை தருகிறது. அதில் இரண்டு எண்ணைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

உயரம் என்று போட்டிருப்பது உயர்ந்த மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. 1 மீட்டர் என்று போட்டிருந்தால் நடுவில் 1.8 மீட்டர் அலையும் வரத்தான் செய்யும்.

அலை இடைவெளி 4, 5 வினாடி என்றால் உள்ளூர்க் காற்று எழுப்பிய குறுஅலை. படகைத் தட்டிக்கொண்டே இருக்கும், தொடையில் தண்ணீர் விழும், ஆனால் கரையில் அடி குறைவு. 11, 12 வினாடி என்றால் தூரத்திலிருந்து வந்த நீள் அலை. வெளியே தொட்டில் மாதிரி சுகமாக ஆட்டும், கரையில் அதே அலை குவிந்து விழும். வெளியே அமைதி, கரையில் இடி மாதிரி சத்தம் என்றால் இதுதான் காரணம். அந்த நாளில் போகவும் முடியும், திரும்பத்தான் முடியாது.

0.6 மீட்டருக்குள், காற்று 12 கி.மீ.க்குள். முதல் பத்து முறைக்கு இதைத் தாண்ட வேண்டாம்.

மன்னைத்தம்பி
நன்றி அண்ணே. அப்படியென்றால் மாசிக்குத் தள்ளிவைக்கிறோம். 10 அடிப் படகு கடலுக்கு ஆகுமா? வெளியே போனபின் படகு கவிழ்ந்தால் ஏறுவது எப்படி?

கடுவையாறு
10 அடி ஆகும். ஆனால் குழுவின் வேகம் அதன் வேகம்தான். நீளம் குறைந்த படகு மெதுவாகத்தான் போகும், காற்றில் அணியமும் அலையும். கணக்கெல்லாம் மணிக்கு 4 கி.மீ. என்று போடுங்கள். கை பலமுள்ளவரை அந்தப் படகில் உட்காரவையுங்கள்.

ஏறுவதைக் கரையோரம் இடுப்புத் தண்ணீரில் பழகிப் பிறகு நெஞ்சுக்கு மேல் தண்ணீரில் பழகுங்கள். படிப்பதால் வராது. முறை இது:

முதலில் படகைப் பிடியுங்கள். துடுப்பு, தூண்டில், பெட்டி எதுவும் முக்கியமில்லை. ஆளில்லாத படகு காற்றில் நீந்துபவரை விட வேகமாக ஓடும்.

படகு தலைகீழாக இருந்தால் காற்று வரும் பக்கம் நில்லுங்கள். அடிப்பாகத்தின் மேல் ஏறி மறுபக்க விளிம்பை அல்லது கைப்பிடியைப் பிடித்து, முழங்காலை அருகு விளிம்பில் ஊன்றிப் பின்னால் சாயுங்கள். உடல் எடையில் படகு புரளும்.

நிமிர்ந்ததும் இருக்கைக்கு நேராக நின்று, காலைத் தண்ணீர் மட்டத்துக்கு உதைத்து மிதக்கவிட்டு, வயிறு படகின் குறுக்கே விழும்படி இழுத்து ஏறுங்கள். செங்குத்தாகத் தொங்கிக்கொண்டு ஏறப் பார்த்தால் படகு மேலேயே கவிழும், பெரும்பாலானவர்கள் தோற்பது இங்கேதான். வயிறு ஏறியதும் மல்லாந்து பிட்டத்தை இருக்கையில் வைத்து, கடைசியில் காலை உள்ளே எடுங்கள்.

நண்பர் பக்கத்தில் இருந்தால் அவர் தன் படகை எதிர்ப்பக்கம் ஒட்டி நிறுத்தி, உங்கள் படகின் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றிச் சாய வேண்டும். இரண்டு படகு சேர்ந்த அகலத்தில் ஏறுவது பாதி வேலை. மற்ற இருவரும் மிதக்கிற சாமானைத் துரத்தாமல், காற்றுக்குக் கீழ்ப்பக்கம் நின்று காவல் காக்கட்டும்.

மூன்று முறை முயன்றும் ஏற முடியவில்லை என்றால் நான்காவது முயற்சி வேண்டாம். உடனே 1093 (தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமம்) அல்லது 1554 (கடலோரக் காவல் படை). அதற்காகத்தான் போன் நீர்புகாப் பையில், படகில் அல்ல, உங்கள் உடம்பில் இருக்க வேண்டும்.

தோணித்துறை
கவிழ்வதற்கு அலை மட்டும் காரணமில்லை. படகுக்குள் தண்ணீர் ஏறியிருப்பதுதான் பல சமயம் காரணம். இதை யாரும் எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன்.

இந்தப் படகுகள் வெற்றுக் கூடு. பின்முனையில் வடிகால் பிளக் இருக்கும். அதன் மரையில் ஒரு மணல்துகள் சிக்கினால் போதும், ரப்பர் வாஷர் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாது, கையால் முறுக்கினால் இறுகின மாதிரிதான் இருக்கும். சொட்டுச் சொட்டாக ஏறி இரண்டு மணி நேரத்தில் பல லிட்டர் சேரலாம். அந்தத் தண்ணீர் ஒரே இடத்தில் நிற்காது. படகு இடப்பக்கம் சாய்ந்தால் அத்தனையும் இடப்பக்கம் ஓடிச் சாய்வை இன்னும் அதிகமாக்கும். நன்றாக நின்ற படகு திடீரென்று சோம்பலாக ஆடி, சாய்ந்தால் திரும்பாமல் நின்றால் அர்த்தம் இதுதான்.

ஒவ்வொரு முறையும் பிளக்கைக் கழற்றி நல்ல தண்ணீரில் மரையைக் கழுவி, வாஷரில் சிலிக்கான் கிரீஸ் மெல்லத் தடவி மாட்டுங்கள். உதிரி வாஷர் இரண்டு கூட இருக்கட்டும். தூண்டில் குழாய் பதித்த இடங்களில் திருகைச் சுற்றி மரைன் சீலன்ட் இருக்கிறதா பாருங்கள். தண்ணீர் வடியும் துளைகள் அடிப்பாகத்தோடு சேரும் விளிம்பில் மயிரிழை வெடிப்பு வரும். சக்கர வண்டியின் கம்பியை அந்தத் துளைக்குள் சொருகி முழு எடையையும் மணலில் இழுப்பவர்களுக்கு இது நிச்சயம் வரும். சோதிக்க, படகைத் தரையில் வைத்துக் கூட்டுக்குள் பத்து லிட்டர் தண்ணீர் ஊற்றி நாலு பக்கமும் சாய்த்து வெளியே கசிகிறதா பாருங்கள்.

கூட்டுக்குள் நீச்சல் குளத்தில் விற்கும் நுரைக் குழல் ஏழெட்டு அடைத்துவிடுங்கள். தண்ணீர் முழுக்க ஏறினாலும் படகு முழுகாது. கடலில் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை இடுப்பை ஆட்டிக் காது கொடுங்கள். உள்ளே 'சளக்' என்று கேட்டால் மீன்பிடி முடிந்தது, எல்லாரும் கரைக்கு. ஒருவர் மட்டும் திரும்புவது என்பது இல்லை.

பாமணி
துடுப்பைப் படகோடு கட்டுகிற கயிறு அலையைக் கடக்கும்போது வேண்டுமா, வேண்டாமா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

கடுவையாறு
அலை உடையும் இடத்தில் வேண்டாம், அதைத் தாண்டியதும் மாட்டுங்கள். உடையும் அலையில் படகு புரளும்போது தொங்கும் கயிறு எதுவும் கழுத்திலோ காலிலோ சுற்றும். அதே காரணத்துக்காகத் தூண்டில் கம்பு எதுவும் நிமிர்ந்து நிற்கக் கூடாது. படுக்கவைத்துப் பட்டையால் கட்டி, கொக்கியெல்லாம் கழற்றிப் பெட்டிக்குள். வெளியே போனபின்தான் கம்பு நிமிரும்.

போகும்போது கரையில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். அலை கட்டுக் கட்டாக வரும், ஒரு கட்டில் நாலைந்து பெரியது, பிறகு ஒரு தணிவு. கடைசிப் பெரிய அலை உடைந்த நுரையில் படகைத் தள்ளி ஏறி, அணியம் அலைக்கு நேராக, நிறுத்தாமல் வலியுங்கள். அலை முகத்தில் வந்தால் முன்னே குனியுங்கள். துடுப்பை நெஞ்சுக்கு முன் குறுக்கே பிடித்தால் அலை அதை முகத்தில் அடிக்கும். வலித்துக்கொண்டே போனால் அந்தப் பிரச்சினை இல்லை. ஒருவர் தாண்டிய பிறகு அடுத்தவர்.

திரும்பும்போது அவசரம் கூடாது. அலை உடையும் இடத்துக்கு முப்பது மீட்டர் வெளியே நாலு பேரும் நின்று அலைக் கட்டுகளை எண்ணுங்கள். தணிவில் ஒருவர் கிளம்பி, ஒரு அலையின் முதுகில் ஒட்டிக்கொண்டு அதே வேகத்தில் வர வேண்டும். முன்சரிவில் இறங்கிவிட்டால் அணியம் மண்ணில் குத்தி, படகு குறுக்கே திரும்பும். குறுக்கே திரும்பிவிட்டால் கடல்பக்கம், அலைக்குள் சாய்ந்து துடுப்பை அலைமேல் ஊன்றுங்கள். கரைப்பக்கம் சாய்ந்தால் கவிழ்வது உறுதி. தரை தட்டியதும் கடல்பக்கமாக இறங்குங்கள். படகுக்கும் கரைக்கும் நடுவில் ஒருபோதும் நிற்காதீர்கள். 30 கிலோப் படகு தண்ணீர் நிரம்பி அலையோடு வந்தால் முழங்கால் தாங்காது.

அறந்தாங்கியான்
தூண்டில் விஷயம் சுருக்கமாக. 7 அடிக் கம்பு, 4000 அளவு ரீல், 30 பவுண்டு பிரெய்டு (பின்னல் நூல்), முன்னால் 40 பவுண்டு நரம்பு ஒன்றரை மீட்டர். வஞ்சிரமும் ஊளியும் நரம்பைக் கத்தரித்துவிடும், அதனால் நுனியில் ஒரு சாண் எஃகுக் கம்பி. பாறை மட்டும் தேடினால் கம்பி வேண்டாம், அது கம்பியைப் பார்த்து ஒதுங்கும்.

10 செ.மீ. மின்னோ வகைப் பொம்மை மீனை 25, 30 மீட்டர் பின்னால் விட்டு மணிக்கு 4, 5 கி.மீ.யில் இழுங்கள். நாலு பேரும் ஒரே தடத்தில் இழுத்தால் நரம்பு சிக்கும். படகுக்குப் படகு 40 மீட்டர் இடைவெளி, திரும்புவதை முதலில் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும். கானாங்கெளுத்தி பிடிக்கிற ஆறு கொக்கிக் கட்டைக் கயாக்கில் மூன்று கொக்கியாகக் குறைத்துக்கொள்ளுங்கள், மடியில் ஆறு கொக்கி ஆடுவது நல்லதல்ல. எல்லாக் கொக்கியின் முள்ளையும் இடுக்கியால் நசுக்கிவிடுங்கள்.

மீன் பக்கத்தில் வந்ததும் கம்பைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் சாய்வதுதான் எல்லாரும் செய்யும் தவறு. தலை படகின் விளிம்பைத் தாண்டக் கூடாது. இரண்டு காலையும் இரண்டு பக்கமும் தண்ணீரில் தொங்கவிட்டு உட்கார்ந்தால் படகு நிற்கும். கெளுத்தி வந்தால் கையால் தொடாதீர்கள், முதுகு முள்ளும் பக்க முள்ளும் விஷம். குத்தினால் தாங்கக்கூடிய சூடான தண்ணீரில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வைக்க வேண்டும், பிறகு மருத்துவமனை.

மாசி, பங்குனியில் பங்குனி ஆமை கரைப்பக்கம் வரும். மூச்சுவிட மேலே வந்த தலையைப் பார்த்தால் இழுக்கிற தூண்டிலைச் சுருட்டிவிட்டு விலகிப் போங்கள்.

வேதாரண்யத்தான்
நங்கூரம் பற்றி யாராவது கேட்பதற்கு முன்: திறந்த கடலில் புதியவர்கள் நங்கூரம் போட வேண்டாம் என்பது என் கருத்து. மிதவை நங்கூரம், அதாவது துணிக் குடை மாதிரி தண்ணீரில் விரியும் ஒன்று, போதும். அணியத்தில் கட்டினால் படகு அலையைப் பார்த்து நிற்கும், காற்றில் ஓடும் வேகமும் குறையும்.

தோணித்துறை
அண்ணே, இதில் கொஞ்சம் மாறுபடுகிறேன். பார் (கடலடிப் பாறைத் திட்டு) மாதிரி இடம் கிடைத்தால் அதன்மேல் நிற்க நங்கூரம் வேண்டித்தான் இருக்கிறது. ஒன்றரை கிலோ மடக்கு நங்கூரம், ஆழத்தைப் போல் ஐந்து மடங்கு கயிறு. ஆறு பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறடி) ஆழத்துக்கு முப்பது பாகம். அணியத்திலோ பின்முனையிலோதான் கட்ட வேண்டும். நடுப்பக்கம் கட்டினால் நீவாடு படகைக் குறுக்கே இழுத்து முழுக்கடிக்கும். நுனியில் பந்து மாட்டி, ஒரே இழுப்பில் கழலும் கொக்கியில் கட்டியிருந்தால், கடல் மாறும்போது கயிற்றை இழுத்துக்கொண்டிருக்க வேண்டாம். கழற்றிவிட்டுப் போய்விடலாம், நங்கூரம் போனால் போகட்டும்.

வேதாரண்யத்தான்
கழற்றிவிட மனசு வர வேண்டுமே. அதற்குத்தான் முதல் பத்து முறை வேண்டாம் என்கிறேன். மற்றபடி நீங்கள் சொன்ன கட்டு சரி.

இன்னொன்று, கோடியக்கரையைத் தாண்டி மேற்கே போனால் பாக் நீரிணை, அது வேறு கடல். இலங்கை மறைப்பதால் நீள் அலை குறைவு, ஆழமும் குறைவு. ஆழம் இல்லாத நீரில் 12 நாட் காற்று குட்டையான, செங்குத்தான அலையை அடுக்கடுக்காக எழுப்பும். அதிராம்பட்டினம் பக்கம் வற்றத்தில் கரைக்கு முன்னாலேயே படகு சேற்றில் உட்காரும். இறங்கினால் தொடை வரை புதையும், ஏற்றம் வரும்வரை படகிலேயே இருங்கள். மடக்கு நங்கூரம் அந்தச் சேற்றில் பிடிக்காது, மூங்கில் கழி ஊன்றுங்கள். முத்துப்பேட்டை அலையாத்திக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 2022இல் கடற்பசுக் காப்பகம் அறிவித்திருக்கிறார்கள், அங்கே புல் திட்டுமேல் நங்கூரமே வேண்டாம்.

மன்னைத்தம்பி
எல்லாம் குறித்துக்கொண்டோம். திட்டம் இப்படி வைத்திருக்கிறோம், தவறு இருந்தால் திருத்துங்கள்.

மாசி, காற்று 12 கி.மீ.க்குள், அலை 0.6க்குள். நாகூருக்கு வடக்கே திறந்த மணல் கரை. 6:00க்கு இறக்கம். 1.5 கி.மீ.க்கு மேல் இல்லை. பத்து அடிப் படகு முன்னால், அனுபவம் உள்ளவர் கடைசியில். 10:00க்குத் திரும்புதல். ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் இரண்டு பொட்டலம், விசில், லைஃப் ஜாக்கெட் முழு நேரமும் கட்டி. 15 மீட்டர் இழுவைக் கயிறு இரண்டு பேரிடம். கரையில் ஒரு நண்பர். துடுப்பு நிமிர்ந்தால் 'எல்லாரும் என்னிடம்', தலைக்கு மேல் குறுக்கே பிடித்தால் 'நில்', இருபக்கமும் ஆட்டினால் 'ஆபத்து'. விசில் மூன்று முறை ஆபத்து.

வாடைக்காத்து
நன்றாக இருக்கிறது தம்பி. நாலு திருத்தம்.

6:00 என்றால் மாசியில் இன்னும் இருட்டு விலகியிருக்காது. கொடியின் நிறம் தூரத்திலிருந்து தெரிகிற வெளிச்சம் வந்தபின் இறங்குங்கள், 6:30 ஆகட்டும். திரும்புவது 10:00 அல்ல, 9:00. கடல்காற்று எழும்பிய பிறகு கிளம்புவது திரும்புதல் ஆகாது, தப்பித்தல். மீன் கடிக்கத் தொடங்குவதும் பெரும்பாலும் 8:50க்குத்தான், அதனால் நேரத்தை முன்கூட்டியே ஒருவர் கையில் கொடுத்துவிடுங்கள். அவர் சொன்னால் சொன்னதுதான், வாக்கெடுப்பு இல்லை.

நேரத்துக்கு முன்பே திரும்ப வேண்டிய அடையாளங்கள்: அங்கங்கே அலை உச்சியில் வெள்ளை நுரை தெரிந்தால் காற்று 7 முதல் 10 நாட், சுருட்டத் தொடங்குங்கள். எங்கும் நுரை என்றால் தாமதித்துவிட்டீர்கள். அடித்துக்கொண்டிருந்த காற்று சட்டென்று நின்று, குளிர்ந்த காற்று ஒரு பக்கமிருந்து வந்தால் இடிமேகம் பின்னால் இருக்கிறது. கார்பன் கம்பைப் படுக்கவையுங்கள். கரையில் உள்ள கோபுரம், கலங்கரை விளக்கம், கோவில், தென்னை என்று இரண்டை ஒரே கோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கோடு விலகுகிற வேகம்தான் நீவாடு. மாசியில் ஓட்டம் பெரும்பாலும் வடக்கே இழுக்கும். அதனால் மீன்பிடிப்பதைத் தெற்கே தொடங்கி, களைத்திருக்கும்போது ஓட்டத்தோடு திரும்புங்கள்.

காற்று ஏறினால் நாலு படகும் பேச்சுக் கேட்கிற தூரத்துக்கு வர வேண்டும். இழுக்க வேண்டி வந்தால் இழுப்பவர் கயிற்றை இடுப்பில் ஒரே இழுப்பில் கழலும்படி மாட்டட்டும், அலை உடையும் இடத்துக்கு முன் கட்டாயம் கழற்றிவிட வேண்டும்.

கரையில் இருக்கும் நண்பரிடம் எழுதிக் கொடுங்கள்: எத்தனை பேர், படகு நிறம், எந்தப் பக்கம், 10:00க்குள் கரையேறுவோம், 10:30 ஆகிவிட்டால் 1093. "கொஞ்சம் பார்க்கலாம்" என்று அவர் காத்திருக்கக் கூடாது.

கடுவையாறு
ஒன்று விட்டுப்போயிற்று. இறங்கும் ஊரில் முதல் நாளே போய்ப் பஞ்சாயத்தாரைப் பாருங்கள். அனுமதி, மரியாதை இரண்டுக்கும்தான், அதோடு கரைவலை எங்கே, எப்போது என்று அவர்களுக்குத்தான் தெரியும். கரைவலைக் கயிறு கரையிலிருந்து பல நூறு மீட்டர் கடலுக்குள் போகும், தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் கீழே இருக்கும். அலையின் முதுகில் வருகிற படகுக்கு அது தெரியாது. கரையில் இரண்டு இடத்தில் வரிசையாக ஆட்கள் நின்று இழுப்பது தெரிந்தால், அந்த இரண்டு வரிசைக்கும் நடுவில் வராதீர்கள். வடக்கு வரிசைக்கு வடக்கே நூறு மீட்டர் தள்ளிக் கரையேறுங்கள்.

மன்னைத்தம்பி
திருத்திக்கொண்டோம். 6:30, 9:00, தெற்கே தொடங்குவது. கயிறு விஷயம் தெரியவே தெரியாது. இந்த வாரம் நெஞ்சளவு தண்ணீரில் ஏறிப் பழகுவது, படகுக்குள் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது. 10 அடிப் படகின் வடிகால் துளை விளிம்பில் ஒரு கோடு இருக்கிறது, கீறலா வெடிப்பா தெரியவில்லை.

தோணித்துறை
அந்த இடத்தில் பேனா மையைத் தடவி உடனே துணியால் துடைத்துப் பாருங்கள். கீறல் என்றால் மை துடைபட்டுப் போகும், வெடிப்பு என்றால் கோடாக உள்ளேயே நிற்கும். நின்றால் எபாக்சி, எம்-சீல் எதுவும் பாலிஎத்திலீனில் ஒட்டாது. அதே பிளாஸ்டிக் குச்சியைச் சூடுகாற்றில் உருக்கி வெல்டிங் செய்கிறவரிடம் கொடுங்கள். செய்தபின் மறுபடி பத்து லிட்டர் சோதனை.